ஐந்து விரல் தடிப்பு

வெயிலுகந்தாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் வீட்டுப் பின்வாசலில். கையில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றாள். என் மனைவிதான் தம்பி. முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. ஐப்பசித் தூறல். "குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றாள். நான் குளிக்கவில்லை.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மடியில் இருக்கிற பொட்டலத்தால்தான். கடலைமிட்டாய்தானே? கோவில்பட்டியில் பஸ் ஏறுகிற யார் கையிலும் அது இல்லாமல் இருக்காது. தப்பாக நினைக்க வேண்டாம், மதுரை போகிற வரைக்கும் அதைப் பிரிக்காமல் இருந்தால் நல்லது. வேறு இடம் பார்த்து உட்காரலாம் என்று எழுந்து பார்த்தேன். எல்லா சீட்டிலும் இதே பொட்டலம்தான். உங்களைப் பார்த்தால் சொன்னால் கேட்கிற முகமாகத் தெரிந்தது.

பேரனைப் பார்க்கப் போகிறேன். மூன்று வயது. அவனுக்குக் கடலை சேராது. என் சட்டையில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு போனாலே போதும். காலையில் இரண்டு தடவை குளித்தேன். இந்தப் பையைக்கூட நேற்றே துவைத்துக் காயப்போட்டேன். ஜன்னல் ஓரம் நான் வந்துகொள்ளட்டுமா? சரி. சாத்தூர் வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பைபாஸில் போகிற வண்டி இரண்டை விட்டுவிட்டு, ஊருக்குள் போகிற வண்டியாகப் பார்த்து ஏறியிருக்கிறேன்.

நானே கடலைமிட்டாய்க்காரன்தான். சிரிக்காதீர்கள். பத்தொன்பது வருஷம் ஒரே பட்டறையில் பாகு காய்ச்சினேன். வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் கல் மாதிரி 'டங்'கென்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் கடலையைக் கொட்டினால் பல்லில் ஒட்டும், பின்னால் கொட்டினால் கசக்கும். என் காது தப்பவே தப்பாது என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பட்டறை முழுக்கக் கடலைத் தொலி பறந்துகொண்டே இருக்கும். தலைமுடியில், காதில், நகக்கண்ணில் எல்லாம் இருக்கும். அது அழுக்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சோறு போடுகிற தூசி.

செண்பகம் பிறந்து ஒன்றரை வயதில் அவளுக்கு அடிக்கடி உடம்பில் தடிப்பு வர ஆரம்பித்தது. ஆமாம், செண்பகம் என் மகள். ஒரே மகள். சாயங்காலமானால் தொடையில், கன்னத்தில், முதுகில் சிவந்து தடித்துவிடும். எங்கள் பக்கத்தில் அதைக் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்று அர்த்தம். வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுப்பார்கள், மந்திரிப்பார்கள், உப்பில்லாப் பத்தியம் சொல்வார்கள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று ஊருக்கு நடந்தேன். மந்திரித்துத் தூக்கிக்கொண்டு வருவேன். வீடு வருவதற்குள் தடிப்பு இன்னும் கூடியிருக்கும். கடி பலமான கடி என்று அந்த ஆட்கள் சொன்னார்கள். நான் நம்பினேன்.

வெயிலுகந்தாள்தான் கண்டுபிடித்தாள். அவள் எட்டாவது படித்தவள். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததெல்லாம் பொட்டலம் மடிக்க வருகிற பழைய பேப்பரில்தான். ஒருநாள் நான் பிள்ளையை இறக்கிவிட்டதும் அதன் தொடையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள்.

"காணாக்கடிக்கு அஞ்சு விரல் இருக்குமாங்க?"

பார்த்தேன். பெருவிரல் ஒரு பக்கம், நான்கு விரல் மறுபக்கம். நான் தூக்கியிருந்த இடம். கன்னத்தில் நான் முத்தம் கொடுத்த இடம் ஒரு ரூபாய் அகலத்துக்கு வீங்கியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா, நிலக்கடலை இந்தப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது, வாசனைக்குக்கூடக் காட்டாதீர்கள், வயிற்றுக்குள் போனால் தொண்டை அடைத்துவிடும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஊர் உலகமெல்லாம் தின்கிற பண்டம், நான் செய்கிற பண்டம், என் பிள்ளைக்கு விஷமா? பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள். அதை வீட்டில் போய்ச் சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் மறுதடவை சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. கடலெண்ணெய் போய் நல்லெண்ணெய் வந்தது. சட்னிக்குத் தேங்காய் மட்டும். பிள்ளைக்குத் தனிச் சட்டி, தனித் தட்டு, தனிக் கரண்டி. மாறிவிடக் கூடாது என்று கரண்டிக் காம்பில் சிவப்பு நூல் சுற்றினாள். அவளுக்குக் கடலைமிட்டாய் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் நான் தினமும் முதல் தட்டில் ஒரு வில்லை எடுத்துவந்து கொடுப்பேன். அதையும் விட்டாள். பிள்ளைக்கு ஆகாதது எதுவும் அவள் வாயிலும் படாது. பிள்ளை என்ன தின்றதோ அதையேதான் அவளும் தின்றாள். கேப்பைக் கூழ், இட்லி, பருப்புச்சோறு.

அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் விஷயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. தினமும் பட்டறையிலிருந்து வந்தால் முன்வாசல் கிடையாது. சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போக வேண்டும். அங்கே வாளியில் தண்ணீர் இருக்கும், சோப்பு இருக்கும், கொடிக்கம்பியில் மாற்று வேட்டி தொங்கும். தலையோடு குளித்து, வேட்டி மாற்றி, காதைத் துடைத்து, நகத்தை அவளிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே. எங்கள் தெருவில் துஷ்டி வீட்டுக்குப் போனவர்கள்தான் அப்படிக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போவார்கள். அடுத்த வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன முத்தையா, தெனமும் எங்கெருந்துய்யா எழவு கெடைக்கி ஒனக்கு?" என்பார். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். சம்பாதித்துக்கொண்டு வருகிறவனை வீட்டுக்கு வெளியே நிறுத்துகிற பெண்பிள்ளை உண்டா? நீங்களே சொல்லுங்கள். ஒன்றேகால் வருஷம் நின்றேன்.

எந்த ஊர் இது? நல்லிதானா? இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

அன்றைக்குத் தூறல். ஈரக் காற்றில் பாகு பதம் நிற்காது, அதனால் மத்தியானமே சாப்பிட வந்துவிட்டேன். பசி. பின்வாசலில் வாளியோடு நின்றாள். தூறலில் இன்னொரு குளியலா என்று நான் படியேறினேன். அவள் குறுக்கே நின்றாள். பிள்ளை உள்ளே முழித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்கிறது. சரி, குளிக்காவிட்டால் வெளியிலேயே சாப்பிடுங்கள் என்று தட்டைக் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"நாய்க்கு வைக்கிற மாதிரி வைக்கிறியா?" என்று கேட்டேன்.

"நாய் கடலமுட்டாய் கிண்டாதுல்லா" என்றாள்.

நல்ல பதில். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. தட்டைத் தொடாமல் சைக்கிளை எடுத்தேன். சாயங்காலமாவது குளித்துவிட்டு வாங்க என்று பின்னாலேயே சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குப் பட்டறைக்கு ஆள் வந்தது. தூறல் மழையாகிக் காற்றும் சேர்ந்து, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற ஒயர் அறுந்து கொடிக்கம்பி மேல் விழுந்திருக்கிறது. கம்பியில் கிடந்த துணி நனைகிறதே என்று எடுக்கப் போயிருக்கிறாள். என் வேட்டியும் துண்டும்தான். சாயங்காலம் குளித்தால் மாற்றிக்கொள்ள. மின்சாரத்தை யார் என்ன செய்ய முடியும்? பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சுடுகாட்டிலிருந்து வந்து அதே வாளியில் குளித்தேன். யாரும் மதில் மேல் எட்டிப் பார்க்கவில்லை.

பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்க ஆள் இல்லை. சாத்தூரிலிருந்து என் அக்கா வந்தாள். மாரிக்கனி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நல்ல மனுஷி, அதில் குறை சொல்லமாட்டேன். கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். பிள்ளையைப் பார்த்ததும், "ஏலே முத்தையா, இது என்னலே, கூழக் குடிச்சுக் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு. எங்கிட்டக் குடு. மூணு மாசத்துல தூக்க முடியாம ஆக்கித் தாரேன்" என்றாள். பதினாறாம் நாள் கழிந்ததும் பிள்ளையைச் சாத்தூருக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் சிவப்பு நூல் கரண்டி எங்கே இருக்கிறது என்று என் கண் தேடும். அக்கா அந்தக் கரண்டியைப் பார்த்து, கரண்டிக்குமா தாலி கட்டியிருக்காவ என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அதைத்தான் எடுத்துப் பிள்ளைக்குச் சோறு வைத்தாள். அதையும் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாள் வந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைத்து, சூடம் காட்டி, அந்த இலையிலிருந்தே முதல் வாயைப் பெற்ற பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். அம்மா கையால் ஊட்டியதாக ஐதீகம். அக்கா விடியவே எழுந்து சாம்பார், வடை, பாயசம் எல்லாம் செய்தாள்.

நான் பட்டறைக்குப் போய் ஒரு வில்லை கடலைமிட்டாய் கொண்டுவந்தேன்.

ஒரே ஒரு வில்லை. நானே பாகு காய்ச்சி, நானே வெட்டியது. அவள் ஒன்றேகால் வருஷமாக அதைத் தொடவில்லை தம்பி. உயிரோடு இருந்தபோதுதான் தின்னவில்லை, இப்போதாவது தின்னட்டுமே என்று தோன்றியது. அதில் என்ன தப்பு? பேப்பரில் சுற்றித்தான் கொண்டுவந்தேன். வந்ததும் கை கழுவினேன். இலையில் ஓரமாகத்தான் வைத்தேன். சோறு ஒரு பக்கம், அது ஒரு பக்கம். சூடம் காட்டி முடித்ததும் முதல் வேலையாக அதை எடுத்துக் காக்கைக்குப் போட்டுவிட்டேன். சுடுசோற்றுப் பக்கத்தில் இருந்ததால் பாகு கொஞ்சம் இளகி இலையில் ஒட்டியிருந்தது. அதையும் விரலால் வழித்தேன். விரலை வேட்டியில் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். அப்புறம்தான் சோற்றைப் பிசைந்து, ஒரு துண்டு வடையைப் பிட்டு வைத்து, பிள்ளைக்கு ஒரு வாய் கொடுத்தேன்.

ஒரு வாய்தான்.

உதடு முதலில் தடித்தது. பிறகு இரும ஆரம்பித்தாள். அழுகிறாள், அழுகைச் சத்தம் வேறு யாருடையதோ மாதிரி கம்மலாக வருகிறது. கூடியிருந்த பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். அம்மா வந்திருக்கிறாள், பிள்ளையை விட மனசில்லாமல் கூப்பிடுகிறாள் என்றார்கள். ஒருத்தி திருநீறு பூசினாள். ஒருத்தி வெயிலுகந்தாள் படத்தைப் பார்த்து, "ஏ தாயி, ஒம்பிள்ளய எங்ககிட்ட விட்டுட்டுப் போ" என்று கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். ஆமாம், கும்பிட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்போது பிள்ளையின் வாயோரத்தில் பார்த்தேன். சோற்றுப் பருக்கையை நான் துடைத்துவிட்ட இடத்தில் ஒரு பெருவிரல் அளவுக்குச் சிவந்து எழும்பியிருந்தது.

பின்வாசலுக்கு ஓடினேன். வாளியில் தண்ணீர் இருந்தது. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவினேன். பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, இவன் கை கழுவுகிறான் என்று யாரோ கத்தினார்கள். கழுவாமல் எப்படித் தூக்குவது? அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷம் சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கழுவிவிட்டுத் தூக்கினேன். அடுத்த வீட்டுக்காரர் மொபெட்டை எடுத்தார். அதே மதில் மேல் எட்டிப் பார்க்கிறவர்தான். வழியெல்லாம் பிள்ளை என் நெஞ்சில் விசில் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு வந்தது.

ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு அடங்கியது. அதே டாக்டரம்மா. என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சாம்பார் சோறும் வடையும் என்றேன். வேறு எதுவும் இல்லையா என்றார். இல்லை என்றேன். வடை எந்த எண்ணெயில் சுட்டது என்று கேட்டார்.

அவர்தான் கேட்டார் தம்பி. நானாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, விருந்துக்கு வந்தவர்களெல்லாம் உட்கார்ந்திருக்கும்போதே அக்காவிடம் கேட்டேன், எந்த எண்ணெய் ஊற்றினாய் என்று. அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிப்போயிற்று.

"நல்லெண்ணெய்தாம்ல ஊத்துனேன்."

"கடலெண்ணெய ஊத்திட்டு எம்பிள்ளயக் கொல்லப் பாத்தியா? இவளா பிள்ள வளக்கப் போறா?" என்றேன்.

அவள் இரண்டாம் தடவை சொல்லவில்லை. எப்போதும் நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தூங்குகிற பிள்ளையை வாசலில் நின்றபடியே ஒரு தடவை பார்த்தாள். கிட்டப் போகவில்லை. அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாப்பிடக்கூட இல்லை.

அதற்கப்புறம் நான் பட்டறைக்குப் போகவில்லை. ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். கையில் கிரீஸ் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சமைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் சோறு குழைந்தது, இரண்டாம் மாதம் குழம்பு பிடிபட்டது. பாகு பதம் தெரிந்தவனுக்கு அதெல்லாம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, ஐந்து வருஷம், தினமும் மத்தியான மணி அடிக்கும்போது கேட் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நிற்பேன். என் முன்னாலேயே சாப்பிட வைப்பேன். யாருக்காவது பிறந்தநாள் என்றால் மிட்டாயை வாங்கிவந்து என்னிடம் கொடுப்பாள், நான் பேப்பரைப் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் வாயில் போடுவாள். கோயில் சுண்டல் கிடையாது. கல்யாண வீட்டுச் சாப்பாடு கிடையாது. எங்கே போனாலும் ஒரு டப்பாவில் சோறு, கூடவே சிவப்பு நூல் கரண்டி. ஆம்பளை ஒருத்தன் இப்படிப் பிள்ளை வளர்ப்பானா என்று தெருவே பேசியது. அவள் உடம்பில் அதற்கப்புறம் ஒரு தடிப்பு வந்ததில்லை.

அந்த நாளைப் பற்றி அவளே கேட்டாள், பத்து வயதில். அத்தை தெரியாமல் கடலெண்ணெயில் வடை சுட்டுவிட்டாள் என்று சொன்னேன். தெரியாமல் என்றுதான் சொன்னேன். பிள்ளை மனசில் அந்தத் 'தெரியாமல்' நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதும்போது, அத்தைக்கு வேண்டாம்ப்பா என்றாள். அவள் கல்யாணம், அவள் இஷ்டம். நான் என்ன சொல்வது?

இப்போது அவள் பிள்ளைக்கும் அதே சீக்கு. போன வாரம் போன் செய்தாள். வேலைக்குத் திரும்பப் போக வேண்டும், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்க ஒருத்தரையும் நம்ப முடியவில்லை என்றாள்.

"நீங்க வந்து இருங்கப்பா. வேற யாராவதுன்னா அத்த செஞ்ச மாதிரி செஞ்சிருவாங்க. ஒங்க கைன்னா எனக்கு பயமே இல்ல."

என் கை என்றால் பயமே இல்லையாம்.

அதிலிருந்து தூக்கம் சரியில்லை. ஏதேதோ யோசனை. இந்தப் பையை நாலு தடவை அடுக்கிப் பிரித்து அடுக்கினேன். கரண்டியை எடுத்து வைத்தேன். நூல் மூன்றாவது தடவையாக மாற்றியது, பழைய நூல் இற்றுப்போகும். அதற்குக் கீழே இன்னொரு சாமான் இருக்கிறது. இருங்கள், காட்டுகிறேன். எவர்சில்வர் தூக்கு. அக்கா அன்றைக்கு விட்டுவிட்டுப் போனது. அவள் போன மறுநாள் அடுப்படியை ஒதுக்கும்போது கண்ணில் பட்டது. மூடியைத் திறந்தேன். அடியில் கால் தூக்கு மிச்சம் இருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

நல்லெண்ணெய். பிள்ளைக்கு ஆகுமே என்று சாத்தூரிலிருந்தே சுமந்து வந்திருக்கிறாள்.

அடுத்த வாரமே அக்காவிடம் போகலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல். அப்புறம் சைக்கிள் கடை. அப்புறம் பள்ளிக்கூடம். மிச்ச எண்ணெயில் பிள்ளைக்குத் தோசை ஊற்றினேன். நல்ல எண்ணெய்.

ஆனாலும் நான் நன்றாகத் துடைத்தேன் தம்பி. வேட்டியில், இப்படி, இரண்டு பக்கமும். துடைத்தால் போகாதா?

என்ன? சாத்தூரா? ஆமாம், சேவுக் கடைகள் தெரிகிறது. அக்கா வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான், ஐந்து நிமிஷ நடை. எழுபத்தாறு வயதாகிறது. கண் மங்கிவிட்டது, ஆனால் வாய் அப்படியே இருக்கிறது என்று போன மாதம் ஒருத்தர் சொன்னார். வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்? பத்து நிமிஷமா? பத்து நிமிஷத்தில் போய் வர முடியாது. இறங்கினால் இறங்கியதுதான். பேரனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக மகளிடம் சொல்லியிருக்கிறேன். அக்கா வீட்டில் அடுப்படியில் என்ன எண்ணெய் இருக்குமோ, சேவு சுட்டு வைத்திருப்பாளோ என்னமோ, அதெல்லாம் சட்டையில் பட்டுவிட்டால்? பேரனைத் தொட வேண்டும் அல்லவா.

இறங்குங்கள் என்று நீங்கள் சொன்னது கேட்டது தம்பி. திரும்பச் சொல்ல வேண்டாம்.

விசில் அடித்துவிட்டான். சரி, போகட்டும். இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள், தூக்கை உள்ளே வைத்துவிடுகிறேன். கனமே இல்லை. மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, இருந்தாலும் இறுக்கமாக மூடும். அந்தக் காலத்தில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். இதிலும் வெட்டியிருக்கிறது. பாருங்கள், தேயவே இல்லை. 'சு. மாரிக்கனி, சாத்தூர்.'